மெத்தை வீடும் மங்களூர் ஓடும்

விருத்தாசலம் என்றால் ரயில் ஜங்ஷன், பழமலைநாதர், அப்புறம் பீங்கான். மண்ணைச் சுட்டு பொம்மையாக்கி விற்கிற ஊர். அதைச் சொல்லித்தரவே தொழில்நுட்பக் கல்லூரி உண்டு! பக்கத்துக் கிராமத்தில் வீடு கட்டப்போகும் என் சித்தப்பாவோ, ஓடு என்றதும் எகிறினார்.

"ஓட்டு வீட்டுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்? மெத்தை வீடுதான்!"

மகனுக்கு வயசு 31. பயம் நியாயம்தான்.

லாரி பேக்கரைச் சொன்னேன். 2007-ல் மறையும்வரை கேரளாவில் சிக்கன வீடுகளாகக் கட்டித் தள்ளியவர். கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் இழுவையைத் தாங்குவது கம்பிதான். சிமெண்ட் சும்மா கிடக்கும். அங்கே கம்பிகளுக்கு நடுவே மங்களூர் ஓட்டை வைத்தார். சிமெண்ட் மிச்சம், எடை குறைவு, சூடும் அவ்வளவாக இறங்காது. (என் பி.காம். மூளைக்குப் பிடித்தது முதலாவது!)

"வெளியில பார்த்தா?"

"மெத்தை வீடுதான் சித்தப்பா."

அவர் பதில் சொல்லவில்லை. சித்தி மட்டும் கொல்லைக்குப் போய், பழைய வீட்டில் இறக்கின ஓடுகளை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.