குஞ்சுக்குத் தோலிலேயே 'பால்' வைத்திருக்கும் மீன்! - கொளத்தூர் மாடி வீட்டில் ஒரு விசிட்

சென்னையில் கலர் மீன் என்றால் கொளத்தூர்தான். கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ், ஃபைட்டர் எனக் கடைக்குக் கடை கண்ணாடித் தொட்டிகள். ஆக்ஸிஜன் நிரப்பி ரப்பர் பேண்டு போட்ட பாலித்தீன் பையுடன் குழந்தைகள் துள்ளிக்கொண்டு போகிறார்கள். ஆனால், இந்தத் தொழிலின் உயிர் கடைகளுக்குப் பின்னால் உள்ள தெருக்களில், வீடுகளிலும் மொட்டை மாடிகளிலும் இருக்கிறது. அப்படி ஒரு வீட்டில், டிஸ்கஸ் மீன்களை இனப்பெருக்கம் செய்யும் அக்கா ஒருவரைச் சந்தித்தேன்.

"செருப்பை வெளியே விட்டுட்டு, சத்தம் போடாம வாங்க தம்பி. குஞ்சு இன்னிக்குத்தான் நீந்த ஆரம்பிச்சிருக்கு. தாய் மீன் பயந்தா குஞ்சையே முழுங்கிடும்" என்றார். அந்த ஜோடி ஏற்கெனவே இரண்டு முறை முட்டைகளைத் தின்றுவிட்டதாம். இது மூன்றாவது முயற்சி.

சின்ன அறை. தொட்டியில் மணல் இல்லை, செடி இல்லை. ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், நடுவில் மண் கூம்பு. அவ்வளவுதான். மணல் போட்டால் மிச்சத் தீனி அதில் தங்கி, தண்ணீர் கெட்டுவிடுமாம்.

டிஸ்கஸின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் அமேசான் படுகை. அங்கே தண்ணீர் உப்பில்லாமல், லேசான அமிலத்தன்மையுடன் இருக்கும். உப்பு கூடினால் முட்டைகள் சரியாகக் கருவுறாமல் வெள்ளை பூத்துவிடும். அதனால் ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து, டி.டி.எஸ். மீட்டரில் பார்த்துத்தான் ஊற்றுகிறார். வெப்பநிலை 28 முதல் 30 டிகிரி செல்சியஸ்.

"ஆண், பெண்ணுனு பார்த்த உடனே சொல்ல முடியாது. ஆறேழு குட்டிகளை ஒண்ணா வளர்த்தா, அதுங்களே ஜோடி சேர்ந்துக்கும். அதுக்கு ஒரு வருஷமாவது பொறுமை வேணும்" என்கிறார் அக்கா.

கூம்பில் ஒட்டும் முட்டைகள் இரண்டரை நாளில் பொரிந்துவிடும். அடுத்த இரண்டு, மூன்று நாள் குஞ்சுகள் அங்கேயே ஒட்டிக்கொண்டு நெளியும். பிறகு நீந்தத் தொடங்கியதும் நேராகத் தாய், தகப்பனின் உடம்புக்குத்தான் போகவேண்டும். பெரிய மீன்களின் தோலில் சுரக்கும் சளிதான் அவற்றுக்கு முதல் உணவு. வழி தெரியாமல் தவறிப்போனால் பட்டினிதான். இரவிலும் சின்ன விளக்கை எரியவிடுவது இதற்காகத்தான்.

நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே, தூசி போன்ற குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தாயின் விலாவில் ஒட்டின. கொஞ்ச நேரம் கழித்து, தாய் உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பியது. அத்தனையும் அப்பா மீனிடம் தாவிவிட்டன! "ஷிஃப்ட் மாறுது பாருங்க" என்று சிரித்தார் அக்கா. கண்கள் மட்டும் தொட்டியைவிட்டு நகரவில்லை.

காரணம் இருக்கிறது. ஒரு மழைக்கால இரவில் கரன்ட் போய், ஏர் பம்பும் ஹீட்டரும் நின்று, விடிவதற்குள் ஒரு ஈட்டுக் குஞ்சுகள் மொத்தமும் செத்துப்போயின. பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கு நம்பியிருந்த பணம் அது. பிறகு வளையலை அடகு வைத்து இன்வெர்ட்டர் வாங்கியிருக்கிறார்.

நான்கைந்து நாள் கழித்து, அப்போதுதான் பொரிந்த ஆர்ட்டீமியாவையும் தீனியாகக் கொடுக்க ஆரம்பிப்பார். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். மூன்றாவது வாரத்தில் பெரிய மீன்கள் குஞ்சுகளைவிட்டு விலகி நீந்தத் தொடங்கும். இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்விலும் இது பதிவாகியிருக்கிறது. முட்டையிடும்போது அந்தச் சளியில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் கூடுகின்றன. மூன்றாவது வாரத்துக்குப் பிறகு குறைகின்றன.

"நாம பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கிறோமில்ல, அதேதான். அப்புறம்தான் குஞ்சைத் தனித் தொட்டிக்கு மாத்துவேன். எத்தனை தேறுதுனு அதுக்கப்புறம்தான் எண்ணவே செய்வேன்" என்கிறார்.

டிஸ்கஸ் வளர்க்கும் ஆசை உங்களுக்கும் இருக்கிறதா? விலையைக் கேட்கும் முன், "இது எந்தத் தண்ணியில வளர்ந்துச்சு?" என்று கேளுங்கள். அதே தண்ணீரை வீட்டில் தயார் செய்துவிட்டு, பிறகு மீனை வாங்குங்கள்!