என்ன மாறணும், சார்?

தில்லிக்கு வந்து 18 வருஷம் ஆச்சு. சரோஜினி நகர் மார்க்கெட்ல 500 ரூபாய் சொல்ற ஸ்வெட்டரை 200-க்குக் கேட்கற அளவுக்கு ஹிந்தி தேறிடுச்சு. அங்கயாவது என்ன வாங்கறோம்னு நமக்குத் தெரியும். என்கிட்ட வர்ற முதலாளிகளுக்கு அதுவே தெரியாது. "கம்பெனியையே மாத்தணும், சாஃப்ட்வேர் போடுங்க"ம்பாங்க. என்ன மாறணும்னு அவங்க வாயாலயே சொல்ல வைக்கறதுதான் என் பொழைப்பு.

ஒரு தடவை நல்லா சொதப்பினேன். ஒரு துணி மொத்த வியாபாரி "எல்லாம் வேகமா நடக்கணும்"னார். நானும் தலையாட்டிட்டு நோட்டுல "வேகம்"னு எழுதிக்கிட்டேன். ஆறு மாசம் உழைச்சோம். பில் போடற நேரம் பாதியாச்சு. ஆனா சரக்கு போய்ச் சேர்ற நாள் குறையவே இல்லை. காரணம் என்னன்னா, பெரிய ஆர்டர் எல்லாம் முதலாளி கையெழுத்துக்காக அவர் மேஜைல தூங்கிட்டு இருந்தது. இதை கோடவுன்ல யாரைக் கேட்டிருந்தாலும் முதல் நாளே சொல்லியிருப்பாங்க. நான் கேட்கலை. பில் வேலை குறைஞ்சதால ரெண்டு கிளார்க்குங்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

மனசு சரியில்லாம அன்னிக்கு சாயங்காலம் விநாயகர் கோயிலுக்குப் போனேன். மத்திய சர்க்கார்ல ரிடையரான மாமா ஒருத்தர் கேட்டுட்டுச் சொன்னார்:

"அந்தக் காலத்துல ஊருக்கு டிக்கெட் எடுக்கணும்னா என்ன பாடு தெரியுமோ? இந்த ஜன்னல்ல இந்த வண்டிதான். ரெஜிஸ்டர் அவா கைல. ஜி.டி.ல இடம் இல்லேன்னா, தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கு வேற க்யூவுல முதல்லேர்ந்து நிக்கணும். 1986-ல புது தில்லி ஸ்டேஷன்ல கம்ப்யூட்டர் வந்துது. அப்புறம் எந்த ஜன்னல்லயும் எந்த வண்டிக்கும் டிக்கெட். இதைக் குழந்தைகிட்ட சொன்னாலும் புரியும். உன் 'வேகம்' யாருக்குப் புரியும்?"

சுருக்குனு இருந்தது. சி.எம்.சி. நிறுவனம் ரயில்வேக்குச் செஞ்சு கொடுத்த அந்த ஏற்பாட்டுல பெரிய விஷயம் மெஷின் இல்லை. ஒரு வண்டியோட இடம் ஒரு ஜன்னல் கைல இருந்தது போய் எல்லா ஜன்னலுக்கும் பொதுவாச்சு. நிக்கற ஆளுக்கு என்ன மாறும், உட்கார்ந்திருக்கற ஆள் எதை விட்டுக் கொடுக்கணும், ரெண்டுமே அந்த ஒரு வரியில இருக்கு.

இப்பல்லாம் புது இடத்துல மூணே கேள்விதான். மாற்றம் வந்த மறுநாள் காலைல 10 மணிக்கு யார் எதை வேற மாதிரி செய்வாங்க? எந்த வேலையை நிறுத்துவாங்க? யாருக்கு இதனால அதிகாரம் குறையும்?

முதல் ரெண்டுக்கும் பதில் கொட்டும். மூணாவதுக்கு டீ வரும், பிஸ்கட் வரும், பதில் வராது. போன மாசம் ஒருத்தர் ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துட்டு, "எனக்குத்தான்"னார். அன்னிக்குத்தான் வேலையே ஆரம்பிச்சுது.

நாலாவதா ஒண்ணும் கேட்கறேன்: மிச்சமாகற ஆளுங்களுக்கு என்ன வேலை கொடுப்பீங்க? இது அந்த ரெண்டு கிளார்க்குங்களுக்காக. அவங்களுக்கு இனி பிரயோஜனம் இல்லைதான்.