எங்கப்பா எழுந்து நின்ற வாக்கியம்

ஒன்பதாம் வகுப்பில் ஆங்கில ஆசிரியர் பலகையில் நாலு வினைகளை எழுதிப் போட்டார். ஸ்டேண்ட் அப், புட் ஆன், லுக் ஆஃப்டர், கிவ் அப். ஒவ்வொன்றையும் வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஊர்த்தெருப் பிள்ளைகளிடம் நோட்ஸ் இருந்தது. அதிலிருந்த ராமாவும் சீதாவும் எழுந்தார்கள், சட்டை போட்டார்கள். என்னிடம் நோட்ஸ் இல்லை. ஆகவே கண்ணால் பார்த்ததை எழுதினேன்: மை ஃபாதர் ஸ்டேண்ட் அப் டு தி லேண்ட்லார்ட்.

நான் சொல்ல வந்தது ரொம்பச் சாதாரண விஷயம். எங்கப்பா மதகுக்கட்டையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருப்பார். தூரத்தில் ஆண்டையின் புல்லட் சத்தம் கேட்கும். பீடி கீழே விழும், தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போகும், எங்கப்பா எழுந்து நிற்பார். வண்டி நிற்காது. ஆண்டை திரும்பியும் பார்க்க மாட்டார். புழுதி அடங்கின பிறகுதான் அப்பா மறுபடி உட்காருவார். ஆண்டைக்கு எழுந்து நிற்கிறார். 'க்கு' என்றால் 'டு' என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். போட்டுவிட்டேன்.

ஆசிரியர் ஆண்டை வீட்டுக்கு வேண்டியவர். என் வாக்கியத்தை வாய்விட்டுப் படித்தார். "ஏண்டா, ஒங்கப்பன் அவ்ளோ பெரிய ஆளா? சொல்லவேயில்ல?" என்றார். வகுப்பே சிரித்தது. அவர்களுக்கும் அர்த்தம் தெரிந்திருக்காது, வாத்தியார் சிரித்தால் சிரிப்பது பழக்கம். சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு முட்டை. என்ன தப்பு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தெரிந்துகொள்ள ஐந்து வருஷம் ஆனது. பி.ஏ. தமிழ் எடுத்தாலும் பகுதி இரண்டு ஆங்கிலத்தில் தேறாமல் பட்டம் கிடையாது. எங்கள் விடுதியில் முக்கால்வாசிப் பேருக்கு அரியர் அதில்தான். அந்தப் பயத்தில் ஒரு பழைய அகராதியை வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஸ்டேண்ட் என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். வெறும் ஸ்டேண்ட் அப் என்றால் உட்கார்ந்தவர் எழுவது, அவ்வளவே. ஃபார் சேர்ந்தால் ஒருவருக்காக, ஓர் உரிமைக்காகப் பரிந்து நிற்பது. டு சேர்ந்தால் எதிர்த்து நிற்பது, பணியாமல் நிற்பது. வெள்ளத்துக்கு ஈடுகொடுக்கிற பாலத்துக்கும் இதே டு-தான். மூன்று சொல்லும் பிரியாமல் வந்து, அதற்குப் பின்னால்தான் எதிராளி வர வேண்டும். ஸ்டேண்டுக்கும் அப்புக்கும் நடுவில் ஆளைப் போட்டால் பொருளே வேறு. வருகிறேன் என்று சொல்லிக் காக்கவைத்துவிட்டு வராமல் ஏமாற்றுவது. (தேர்தல் முடிந்ததும் நம்மை வைத்துச் செய்வார்களே, அது.)

ஆக நான் எழுதிய வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் பொருள்: எங்கப்பா ஆண்டையை எதிர்த்து நிற்கிறார்.

அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். ஒருமைப் படர்க்கை எழுவாய், ஸ்டேண்டுக்குப் பின்னால் ஓர் எஸ் வந்திருக்க வேண்டும். ஆசிரியர் அந்த எஸ்ஸைப் பார்க்கவேயில்லை. அவர் கோடு போட்டது எங்கப்பா மேல்.

சரி, நான் நினைத்ததைப் பிழையில்லாமல் எப்படி எழுதியிருக்க வேண்டும்? மை ஃபாதர் ஸ்டேண்ட்ஸ் அப் வென் தி லேண்ட்லார்ட் கம்ஸ். அவர் வருகிறார், இவர் எழுகிறார். இதில் கக்கத்துத் துண்டும் இல்லை, புழுதியும் இல்லை. விருந்தாளியைக் கண்டு எழுகிற கனவான் மாதிரி இருக்கிறார் எங்கப்பா. இந்தச் சரியான வாக்கியம் எனக்கு இன்றுவரை பொய்யாகத்தான் படுகிறது.

எம்.ஏ. தமிழில் நன்னூல் படித்தபோது இன்னொன்று தட்டுப்பட்டது. நான்காம் வேற்றுமைக்குப் பவணந்தி சொல்லும் பொருள்களில் பகையும் உண்டு, பொருட்டும் உண்டு. பாம்புக்குக் கீரி பகை என்பதிலும் 'கு', கூலிக்கு வேலை செய்தான் என்பதிலும் 'கு'. கீரிக்கும் கூலிக்காரனுக்கும் நாம் ஒரே உருபைக் கொடுத்து வைத்திருக்கிறோம். இங்கே வரும்போது ஆங்கிலம் பகையை டு-விடமும் பொருட்டை ஃபாரிடமும் பிரித்துக் கொடுத்துவிட்டது. அந்த இடுக்கில்தான் நான் விழுந்தேன்.

ஸ்டேண்ட் அப்புக்கு இன்னொரு பொருளும் அகராதியில் உண்டு. சாட்சியம் நீதிமன்றத்தில் எடுபடுவது. இதை மட்டும் நமக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைச் சொல்லிப் புகாரோடு போன எத்தனையோ பேருடன் நானும் காவல் நிலையம் போயிருக்கிறேன். காகிதத்தைப் படிப்பதற்கு முன்பே கிடைக்கிற இலவச ஆலோசனை, "கேஸு நிக்காதுப்பா."

இப்போது எங்கள் காலனி மாரியம்மன் கோயில் திண்ணையில் மாலை வகுப்பு நடத்துகிறோம். போன மாதம் இந்த வினையைச் சொல்லிக்கொடுக்க ரோசா பார்க்ஸ் கதையை எடுத்தேன். 1955 டிசம்பர் 1, அமெரிக்காவில் அலபாமா மாநிலம், மாண்ட்கமரி நகரம். வேலை முடிந்து பஸ்ஸில் போகிறார். வெள்ளைக்காரருக்கு இடம் விடச்சொல்லி அந்த வரிசையிலிருந்த கறுப்பர் நாலு பேரையும் ஓட்டுநர் எழச் சொல்கிறான். மூன்று பேர் எழுந்துவிட்டார்கள். ரோசா எழவில்லை. கைது செய்தார்கள். அதன் பிறகு 381 நாள் அந்த ஊர்க் கறுப்பர்கள் பஸ் ஏறாமலேயே வேலைக்குப் போனார்கள். பலகையில் இரண்டு வரி எழுதினேன். ஷி டிட் நாட் ஸ்டேண்ட் அப். ஷி ஸ்டுட் அப் டு தெம்.

எட்டாவது படிக்கிற பெண் கையைத் தூக்கினாள். "அண்ணா, மொத வரியில எந்திரிக்கலன்றீங்க. ரெண்டாவதுல எந்திரிச்சாங்கன்றீங்க. எது கரெக்ட்டு?"

இரண்டும் என்றேன். அவள் என்னை நம்பாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு ராத்திரிதான் அப்பாவிடம் அந்தப் பழைய கதையைச் சொன்னேன். அவருக்கு இப்போது மூட்டு போய்விட்டது. புல்லட் போய்க் கார் வந்துவிட்டது. ஓட்டுகிறவன் ஆண்டையின் மகன், என்னைவிடச் சின்னவன். கார் தெருமுனை திரும்பினால் இன்றைக்கும் அப்பாவின் கை முட்டியில் ஊன்றும். "ஒக்காருப்பா" என்றால், "காலு தானா எந்திரிக்குதுடா" என்பார். எனக்குக் கோபம் வரும். யார்மேல் என்று தெரியாது.

முழுசாகக் கேட்டார்.

"அப்ப இங்கிலீசுல நான் ஆண்டைய எதுத்துட்டனா?"

"ஆமாப்பா."

"வாத்தியாரு என்னா போட்டாரு?"

"முட்டை."

பீடியைச் சுவரில் தேய்த்து அணைத்தார். "தமிழ்ல எதுத்திருந்தா மரத்துல கட்டியிருப்பானுவ. முட்டையோட போச்சு" என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "அந்த இங்கிலீசை இன்னொரு தரம் சொல்லு" என்றார்.

எஸ் சேர்த்துச் சொன்னேன்.