மாரிக்கு முன் கிணறு

புரட்டாதி பிறந்துவிட்டால் எமது வளவில் ஒரு வேலை காத்திருக்கும். மாரி தொடங்குமுன் கிணற்றை இறைத்து, துப்புரவாக்கி, மூடிவைப்பதே அவ்வேலை. கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்துக்குக் கீழே, கனகராயன் ஆற்றுக்கு அணித்தாக எமது சிற்றூர் அமைந்துள்ளது. எமது பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிலேயே பெய்துவிடும். கோடையில் அடியோடு ஒட்டிக் கிடக்கும் கிணற்று நீர், மாரியில் குனிந்து அள்ளுமளவுக்கு உயர்ந்து நிற்கும்.

கிணற்றில் இறங்குமுன் ஐயா விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார். விளக்கு அணைந்தால் உள்ளே பிராணவாயு குறைவு என்பது பொருள். அன்று எவரும் இறங்கார். நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டவும் விடார். அதன் புகை ஆளைக் கொல்லவல்லது. சேற்றையும் சருகையும் வாளி வாளியாக ஏற்றியபின் ஊற்று தெளிந்து சுரக்கும். அதன்பின் குழாயைச் சுருட்டி, இயந்திரத்தைக் கொட்டிலில் வைத்து, வாளி போய்வர ஒரு மூலையை மட்டும் விட்டு வலையால் மூடுவோம். போரில் இடிந்த கிணற்றுக்கட்டு பாதி உயரமே எஞ்சியிருந்தமையால், அதனைச் சுற்றி முழங்காலளவு மண் அணைக்கவும் வேண்டும்.

மண் அணைப்பது என் பொறுப்பு. 2018 மார்கழியில் நான் சாதாரணதரப் பரீட்சை எழுதினேன். “சோதனை முடியட்டும் ஐயா” என்று தட்டிக்கழித்தேன். சோதனை முடிந்தது, துடுப்பாட்டம் தொடங்கியது. அம்மாதப் பிற்பகுதியில் ஓரிரவு பெருமழை கொட்டியது. இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். நாங்களும் பாடசாலையொன்றில் தங்கினோம். திரும்பி வந்தபோது கிணற்று நீர் மண்ணிறமாயிருந்தது. மலசலகூடக் குழியைத் தொட்டுவந்த வெள்ளம் அதனுள் இறங்கியிருந்தது. இறைத்துக் குளோரின் இடுமுன் எட்டு வயதுத் தங்கை அறியாது அள்ளிக் குடித்துவிட்டாள். பத்து நாட்கள் வைத்தியசாலையில் கிடந்தாள்.

ஐயா என்னை ஏசவில்லை. “வரேக்க எங்களுக்கு எண்டு இருந்தது உந்தக் கிணறு ஒண்டுதான், தம்பி” என்று மட்டும் சொன்னார். 2010இல் நாம் மீளக் குடியேறியபோது வீட்டுக்குக் கூரையில்லை. தென்னைகள் தலையிழந்து நின்றன. தகரமும் சைக்கிள் சட்டமும் நிறைந்த அக்கிணறே எஞ்சியிருந்தது. அதனை இறைத்து முதல் வாளித் தண்ணீரைக் கண்ட பின்னரே அவ்விடத்தில் இருக்க அம்மா சம்மதித்தார். இவை யாவும் எனக்குத் தெரிந்தவையே. தெரிந்திருந்தும் மண்வெட்டியை எடுக்காதிருந்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகின்றது.

ரொறன்ரோவில் வாழும் மாமாவும் புரட்டாதியில்தான் தமது வீட்டுப் பின்வளவு நீச்சல் தடாகத்தை மூடுகின்றார். நீர்மட்டத்தைக் குறைத்து, குழாய்களிலுள்ள நீரைக் காற்றடித்து வெளியேற்றி, மேலே விரிப்பிட்டுக் கட்டுவாராம். நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பருமனில் பெருகுவதால், உள்ளே எஞ்சிய நீர் குழாயைப் பிளந்துவிடுமாம். “ஒரு வருசம் பிந்தினன், குழாய் வெடிச்சுப் போச்சு” என்று தொலைபேசியில் சிரித்தார். அவருக்குக் குழாய்தான் வெடித்தது. அச்சிரிப்பில் என்னால் கலந்துகொள்ள இயலவில்லை.

இப்போது கலைப்பீடத்தில் பயில்கின்றேன். புரட்டாதியில் கட்டுரைகள் ஒப்படைக்கும் நெருக்கடி வரும். எனினும் ஒரு வார இறுதியில் எப்படியும் ஊருக்குப் பேருந்து ஏறிவிடுவேன். இம்முறை நான் படலையைத் திறந்தபோது, பாதி மண்ணைத் தங்கையே வெட்டிப் போட்டிருந்தாள். “மிச்சம் உங்கட பங்கு, அண்ணா” என்று மண்வெட்டியை நீட்டினாள். பையை விறாந்தையில் வைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.