காவல் மீன்

செம்பரம்பாக்கம் ஏரிக்கு அண்மையிலுள்ள மாங்காட்டில், ஐப்பசி மழையில் தாங்கல்கள் நிரம்பிய நாள்கள் நம் நினைவைவிட்டு அகலாதவை. பள்ளி விட்டதும் தூண்டிற்கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கரைக்கு ஓடுவோம். கெண்டைக்கு மண்புழு போதும். ஆயின் நம் ஆசையெல்லாம் விரால் மீதே.

விராலைக் கண்டுகொள்ளும் வித்தையைக் கற்பித்தவர் கரையில் நாள்தோறும் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர். "தம்பி, தண்ணியப் பாரு, மீனு தானா தெரியும்" என்பார். விரால் நீரில் கரைந்த காற்றை மட்டும் நம்பி வாழ்வதன்று. மேலே வந்து வாயால் காற்றை உண்டு மீள்வது. அப்பொழுது எழும் குமிழியே முதல் அடையாளம். மழைக்காலத்தில் இன்னொன்றும் உண்டு. ஆழமற்ற ஓரத்தில் கோரையையும் பாசியையும் விலக்கி இணைமீன்கள் இடம் செய்யும். அங்கு மிதக்கும் முட்டைகள் ஓரிரு நாளில் பொரியும். செந்நிறப் பார்ப்புகள் ஒரே திரளாய் நீர்மட்டத்தில் துடிக்க, அடியில் பெற்ற மீன் காவல் நிற்கும்.

அத்திரளைக் கண்டால் போதும். சிறு தவளையை முள்ளில் கோத்து அதன் நடுவே தத்தவிடுவோம். விரால் பாய்ந்து கவ்வும். பசியால் கவ்வுகிறது என்றே எண்ணியிருந்தோம். குஞ்சுகளை நெருங்கிய பகையை விரட்டவே அது பாய்கிறது என்பதை அறியோம்.

ஒரு நாள் முழங்கை நீள விரால் ஒன்று அகப்பட்டது. வீட்டில் அன்று விருந்து. மறுநாள் மாலை அதே இடத்திற்குச் சென்றோம். செந்திரளில் பாதியைக் காணோம்; எஞ்சியவை சிதறிக் கிடந்தன. மீன்கொத்தி ஒன்று மீண்டும் மீண்டும் பாய்ந்துகொண்டிருந்தது. முதியவரிடம் கேட்டோம்.

"காவக்காரனத்தான் நீ கொண்டு போயிட்டியே, தம்பி" என்றார்.

"இதை முன்பே ஏன் சொல்லவில்லை, தாத்தா?"

"நாங்க புடிச்ச காலத்துல மீனு நெறைய இருந்துச்சு" என்றவர் தலை கவிழ்ந்தார்.

நம் கிழக்குக் கடற்கரையில் மீனினம் பெருகும் பொருட்டு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. ஊர்த் தாங்கலில் தூண்டிலிடுவோனுக்கோ மனச்சான்றே காவல். பார்ப்புகளின் செம்மை மறைந்து, பழுப்பேறி, திரள் கலையும் வரை சில வாரங்கள் பொறுத்தல் அரிதன்று.

மாணவச் செல்வங்களே, கற்ற அடையாளம் ஒன்றுதான். சிவந்த திரளைக் கண்டதும் அன்று தூண்டிலை வீசினோம், இன்று சுருட்டிக்கொள்கிறோம்.