குளிரில் தயங்கும் கியர்

ஓட்டோ கியர் வாகனங்கள் இன்று வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் சாதாரணமாக ஓடுகின்றன. கிளச் மிதிக்கத் தேவையில்லை என்பதால் பெண்கள் பலர் அவற்றையே விரும்புகிறார்கள். எமது வெயிலில் அந்தக் கியர்பெட்டி பெரிதாகக் குறை சொல்லாது. குளிர் நாட்டில் அதன் குணம் வேறு. 2019 தை மாதம் ரொறன்ரோவில் அக்காவிடம் போயிருந்தபோதுதான் அதை அறிந்தேன்.

அக்கா 2009 இல் கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகளோடு அங்கு போய், நாற்பது வயதுக்குப் பிறகு கார் ஓடப் பழகினார். காலை ஆறு மணிக்கு உணவு பொதி செய்யும் தொழிற்சாலையில் நிற்க வேண்டும். இரண்டு பஸ் மாறிப் போனால் நேரத்துக்குச் சேர முடியாது. கார் இல்லையென்றால் வேலை இல்லை என்பதே நிலைமை.

நான் போன கிழமை பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை குளிர். காலையில் கியரைப் போட்டால் உடனே பிடிக்காது; சற்றுக் கழித்து 'டக்' என்று உதறிப் பிடிக்கும். ஓடத் தொடங்கினாலும் எஞ்சின் இரைந்துகொண்டே இருக்கும், மேல் கியருக்கு மாறாது. ஒரு கராஜில் காட்டியபோது, கியர்பெட்டி முடிந்துவிட்டது, மாற்ற 3,500 டொலர் என்றார்களாம். அக்கா சீட்டைக் கழித்து எடுக்க யோசித்துக்கொண்டிருந்தார். எனது வேலையிலும் இதைக் காண்கிறேன்: விளங்காத இயந்திரத்துக்கு முன்னால் பெண் தனியே நின்றால் விலை கூடிவிடும்.

பக்கத்து வீட்டில், முன்பு இலங்கை போக்குவரத்துச் சபை டிப்போவில் மெக்கானிக்காக இருந்த ஐயா ஒருவர் இருந்தார். அவரை நான்தான் கூட்டிவந்தேன். அவர் காரைப் பார்க்க முதல், குசினியில் இருந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கையில் எடுத்தார்.

"பிள்ளை, இது இஞ்ச ஏன் மெழுகு மாதிரி நிக்குது? நுவரெலியாவிலயும் விடியக் காலமை இப்பிடித்தானே. கியர்பெட்டிக்குள்ளயும் எண்ணெய்தான் வேலை செய்யுது."

கியர் ஒயில் தேங்காய் எண்ணெய் போல உறைந்துவிடாது, தடிப்பாகும். கிளச் வாகனத்தில் எமது கால் செய்யும் வேலையை இதில் அழுத்தப்பட்ட ஒயில் செய்கிறது. எஞ்சினின் சுழற்சியைக் கியர்பெட்டிக்குக் கடத்துவதும், உள்ளே இருக்கும் சிறிய கிளச்சுகளை இறுக்கிப் பிடிப்பதும் அதுவே. தடித்த ஒயில் சிறு துவாரங்களுக்குள்ளால் மெதுவாகப் போகும். கியர் தாமதமாகப் பிடிக்கும். குளிர்ந்த எஞ்சினும் ஆரம்பத்தில் வேகமாகச் சுற்றும். வழமையாக நிமிடத்துக்கு 700, 800 தடவை சுற்றுவது அப்போது 1,200க்கு மேலும் போகும். அந்த வேகத்தில் கியரைப் போட்டால் உதறாமல் என்ன செய்யும்?

மேல் கியருக்கு மாறாதது பழுதே அல்ல. சூடேறும் வரை காரின் கணினி வேண்டுமென்றே மேல் கியரைத் தடுத்து வைக்கிறது. எஞ்சின் சற்றுக் கூடச் சுற்றினால் விரைவில் சூடாகும், புகையைச் சுத்திகரிக்கும் பகுதியும் வேலை தொடங்கும். காரின் கைநூலை எடுத்து வாசித்தேன். இதே விஷயம் இரண்டு வரியில் இருந்தது. அந்தப் புத்தகத்தை யாரும் திறந்ததாகவே தெரியவில்லை.

மறுநாள் ஐயா அக்காவுடன் போனார். ஸ்டார்ட் செய்து, இரைச்சல் குறையும் வரை ஒரு நிமிடமளவில் பொறுத்து, பிறேக்கை நன்றாக மிதித்துக் கியரைப் போட்டு, முதல் பத்து நிமிடம் மெதுவாக ஓடச் சொன்னார். நின்ற இடத்தில் அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிடுவதில் பயனில்லை. கியர்பெட்டி ஓடினால்தான் நன்றாகச் சூடாகும். மூடிய கராஜுக்குள் ஓடவிடுவதோ உயிராபத்து. காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கனடாவில் உள்ள உறவுகளுடன் பேசும்போது இதை மறக்காமல் சொல்லுங்கள்.

பத்தாவது நிமிடமளவில் கியர் தானாக மேலே மாறியது. பிறகு ஐயா ஒயிலைக் குச்சியில் தொட்டுப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டியது மண்ணிறமாகியிருந்தது, ஆனால் கருகிய மணம் இல்லை. வேறொரு கராஜில் ஒயில் மாற்ற 180 டொலர் முடிந்தது. சூடான பின்பும் எஞ்சின் இரைய வண்டி நகராமல் நின்றால், ஒயில் கருகி மணத்தால், எச்சரிக்கை விளக்கு எரிந்தால், அது உண்மையான பழுது. அதற்குச் செலவழிக்கத்தான் வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அந்தக் காரை இன்னும் மூன்று குளிர்காலம் ஓடினார். சீட்டுக் காசு, முறை வந்தபோது, மூத்தவளின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்குப் போனது.