மலை எங்கே போயிற்று?

ஊரைவிட்டு வந்தவர் ஒவ்வொருவரும் ஊரிலிருந்து ஏதேனும் ஒன்றைத் தம்மோடு கொண்டுவர விரும்புகின்றனர். ஒருவர் தம் வீட்டுக் கிணற்று நீரின் சுவையைச் சொல்வார். இன்னொருவர் தெருமுனைத் தேநீர்க் கடையைச் சொல்வார். என் உம்மா கேட்டது ஒரு மலையை.

எங்கள் ஊர் கடையநல்லூர். முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. நெசவுக்குப் பெயர்போன ஊர். மேற்கே பார்த்தால் வடக்கிலிருந்து தெற்குவரை மேற்குத் தொடர்ச்சி மலை நீண்டு கிடக்கும். மொட்டைமாடியில் அமர்ந்து ராட்டையில் தார் சுற்றியபடியே உம்மா அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனி, ஆடி மாதங்களில் மலைமுடியில் மேகம் இறங்கினால், “சாரல் வருது, துணியை எடுங்க” என்று கீழே குரல் கொடுப்பார்கள். அவர்களுக்கு அந்த மலைதான் கடிகாரம். அதுவே வானிலை அறிக்கை.

2021ஆம் ஆண்டின் இறுதியில் உம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் சென்னையில் என் வீட்டிலேயே தங்க நேர்ந்தது. எங்கள் குடியிருப்பின் சன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்தான் தெரியும். ஒருநாள் அந்தச் சுவரைப் பார்த்தபடியே, “மலையைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு வாப்பா” என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை.

என்னிடம் ஒரு கேமரா இருந்தது. கேனன் நிறுவனத்தின் சாதாரண வகை. அதனுடனேயே 18 முதல் 55 மில்லிமீட்டர் வரை மாறும் லென்ஸ் ஒன்றும் வந்திருந்தது. அடுத்து ஊருக்குச் சென்றபோது மாடியில் ஏறி மலையைப் படமெடுக்க முயன்றேன். லென்ஸை எவ்வளவு அகலமாக வைத்தாலும் மலையின் நடுப்பகுதி மட்டுமே சட்டத்துக்குள் அடங்கியது. தலையும் வாலும் வெளியே நின்றன. உம்மாவின் மலை இதுவன்று. இடத்தோளிலிருந்து வலத்தோள்வரை விரிந்து கிடப்பதல்லவா அது! அகலக் கோண லென்ஸ் ஒன்று வாங்கினால் முழு மலையும் அடங்கிவிடும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

இங்கே சிறிது கணக்குச் சொல்லியாக வேண்டும். பழைய பிலிம் கேமராவில் ஒரு படத்தின் அகலம் 36 மில்லிமீட்டர். என் கேமராவில் ஒளியை ஏற்கும் தகட்டின் அகலமோ 22.3 மில்லிமீட்டர்தான். ஆகவே பிலிமில் நல்ல அகலம் காட்டும் 18 மில்லிமீட்டர் குவியத் தூரம், இங்கே ஏறத்தாழ 29 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் அளவையே காட்டும். பக்கவாட்டில் சுமார் 64 பாகை. அதுவே 10 மில்லிமீட்டராக இருந்தால் 96 பாகை கிட்டும். எனக்கு வேண்டியது இந்தப் பத்துதான் என்று தோன்றியது.

பத்துக்கு அருகே பல லென்ஸ்கள் இருந்தன. டோக்கினாவின் 11-16, எங்கும் எஃப் 2.8 துளை உடையது. இரவில் விண்மீன்களைப் படமெடுப்போர் விரும்புவது. எடை அரைக்கிலோவுக்கு மேல். சம்யாங் 14 மில்லிமீட்டர் கையால் குவியம் திருப்ப வேண்டியது. முன்கண்ணாடி வெளியே புடைத்து நிற்பதால் அதில் வடிகட்டியைத் திருகி மாட்ட இயலாது. என் கேமராவில் அதன் அகலமும் போதாது. கேனனிலேயே 2004இல் வந்த 10-22 ஒன்று. 2014இல் வந்த 10-18 மற்றொன்று. பின்னது வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 299 டாலர். அண்ணன் 10-22க்குக் கொடுக்க வேண்டியதில் பாதிக்கும் குறைவு. எடை 240 கிராம். மலிவுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கேமராவில் பொருந்தும் வளையம் உலோகமன்று, பிளாஸ்டிக். துளையும் சிறியது, எஃப் 4.5இல் தொடங்கி 5.6க்குச் சுருங்கும்.

ஆனால் நிலக்காட்சி எடுப்பவனுக்குப் பெரிய துளையால் என்ன பயன்? முக்காலியில் கேமராவை நிறுத்தி, துளையை எஃப் 8க்குச் சுருக்கித்தானே அவன் படமெடுக்கிறான்? 10 மில்லிமீட்டரில், எஃப் 8இல், ஒரு மீட்டர் தூரத்தில் குவியத்தை நிறுத்தினால் அரை மீட்டரில் உள்ள புல் முதல் அடிவானம்வரை யாவும் தெளிவாக விழும். எஃப் 2.8க்குக் கொடுக்கும் பணம் இவனுக்கு வீண் செலவே. விண்மீன் என் நோக்கமன்று. ஆகவே 10-18ஐத் தேர்ந்தேன். அதையும் பழையதாகவே தேடினேன். பலரும் கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமராக்களுக்கு மாறிவருவதால், இத்தகைய லென்ஸ்கள் நல்ல நிலையிலேயே குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

பழைய லென்ஸ் வாங்குவோர் மூன்று காரியங்களை மறக்கலாகாது. ஒன்று, பின்புறத்திலிருந்து கைவிளக்கை அடித்து உள்ளே பார்க்க வேண்டும். சிலந்தி நூல்போல் ஏதேனும் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. நம் கடலோர ஈரக் காற்றில் இந்நோய் மிகுதி. இரண்டு, ஒரு செங்கல் சுவரை நேர் எதிரே நின்று படமெடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கக் கூடும். மூன்று, குவியம் தானே ஓடி நிற்கிறதா, சத்தம் ஏதும் எழுகிறதா என்று கவனிக்க வேண்டும். கடைக்காரர் பொறுமையுடன் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தார். “பாய், இவ்வளவு பார்த்துட்டு வாங்காம போயிடாதீங்க” என்று சிரித்தார். 9,500 ரூபாய்க்கு வாங்கினேன்.

வீட்டில் என் மனைவி லென்ஸைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இந்தப் பணத்துக்கு ஒரு வண்டி வைத்து மாமியையே ஊருக்குக் கூட்டிப்போயிருக்கலாமே” என்றாள். மருத்துவர் நெடும்பயணம் கூடாதென்று சொன்னதை நினைவூட்டினேன். “அவர் சொல்லி எட்டு மாதமாகிறது” என்றாள். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பொதிகை விரைவு ரயிலில் ஊர் சென்றேன். முதல்நாள் மாலை எடுத்த படங்கள் பாழாயின. மலை மேற்கே, மாலைச் சூரியன் அதன் பின்னே இறங்குவதால் மலை வெறும் கறுப்பு நிழலாகிவிட்டது. மறுநாள் சுபுஹு தொழுதுவிட்டு மாடியில் காத்திருந்தேன். கிழக்கு வெளுத்துக் கதிர் நேராக மலைமேல் விழுந்தபோது ஒவ்வொரு மடிப்பும் துலங்கிற்று. இம்முறை தலையும் வாலும் சட்டத்துக்குள் அடங்கிவிட்டன. வெற்றி பெற்றுவிட்டேன் என்றே எண்ணினேன்.

சென்னை வந்ததும் 12க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டு உம்மாவின் மடியில் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்கள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “மாடியெல்லாம் தெரியுது, தண்ணித் தொட்டி தெரியுது. மலை எங்கே போயிற்று வாப்பா?” என்று கேட்டார்கள்.

நானும் அப்போதுதான் பார்த்தேன். படத்தின் பாதி வானம். மீதியில் பெரும்பகுதி எங்கள் மாடித் தளமும் கைப்பிடிச் சுவரும். நடுவே ஒன்றரை விரல் உயரத்தில் ஒரு நீலக் கோடு. அதுதான் மலை!

அன்றிரவு காகிதமும் பேனாவும் எடுத்து அமர்ந்தேன். வாங்கும் முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு அது. தொலைவில் உள்ள பொருளின் உருவம் குவியத் தூரத்துக்கு ஏற்பவே விழும். 18 மில்லிமீட்டரில் ஒன்பது பங்கு உயரம் காட்டிய மலை, 10 மில்லிமீட்டரில் ஐந்து பங்குதான் காட்டும். அகலக் கோணம் அதிகம் கொள்கிறது என்பது உண்மை. ஆனால் கொள்வதையெல்லாம் சிறிதாக்கித்தான் கொள்கிறது. ஒரே பெட்டியில் கூடுதலாகத் துணி அடுக்க வேண்டுமானால் ஒவ்வொன்றையும் இறுக்கி மடிக்க வேண்டியதுபோல.

அப்படியானால் அந்த லென்ஸ் எதற்குத்தான்? அதற்கும் விடை பிற்பாடு கிடைத்தது. அடுத்த பயணத்தில் ஊருக்கு வெளியே ஒரு வயல் வரப்பில் மண்டியிட்டு, நாற்றுக்கு அரை மீட்டர் அருகே அதே லென்ஸை நிறுத்தினேன். பனித்துளியோடு நாற்று பெரிதாக எழுந்தது. அதற்குப் பின்னால் வயல் விரிந்து விரிந்து சென்று தொலைவிலுள்ள மலையடியில் முடிந்தது. இடையிலிருந்த வெளி முழுவதும் படத்தில் இருந்தது. கேமராவைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்தால் தென்னைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவனபோல் சாய்ந்தன. மட்டமாக வைத்தால் நேர்நின்றன. அருகில் ஒன்று இருந்தால்தான் அகல லென்ஸுக்கு உயிர். தொலைவை மட்டும் நம்பி அதை நீட்டினால் அது வெறும் வானத்தையும் தரையையுமே தரும். நிலக்காட்சிக்கு லென்ஸ் வாங்க எண்ணும் இளைஞர்கள், எத்தனை மில்லிமீட்டர், என்ன விலை என்று கேட்கும் முன், தாம் காட்ட விரும்புவது காலடியில் இருக்கிறதா, கண்ணெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நலம்.

உம்மாவின் மலைக்கு வேண்டியிருந்தது என்னிடம் முன்பே இருந்த லென்ஸ். அதை 35 மில்லிமீட்டரில் வைத்து, கேமராவை நெடுக்காக முக்காலியில் நிறுத்தி, வடகோடியிலிருந்து தென்கோடிவரை ஏழு படங்கள் எடுத்தேன். ஒவ்வொன்றும் முந்தையதில் மூன்றிலொரு பங்கை மூடும்படி பார்த்துக்கொண்டேன். ஒளி அளவையும் குவியத்தையும் இடையில் மாற்றவில்லை. கணினியில் ஹுகின் என்னும் இலவச மென்பொருள் ஏழையும் ஒன்றாகத் தைத்துக் கொடுத்தது. நான்கடி நீளத்தில் அச்சிட்டபோது மலை நாலு விரல் உயரத்துக்கு எழுந்து நின்றது. செலவு அச்சுக்கூலி மட்டுமே.

அந்த நீண்ட தாளைச் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினோம். உம்மா கட்டிலில் அமர்ந்தபடி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கண்ணை ஓட்டினார்கள். ஓரிடத்தில் மேகம் கவிந்திருந்தது. “அங்கே சாரல்” என்றார்கள். என் கண்கள் நிறைந்தன. சற்று நேரம் கழித்து, “நல்லாயிருக்கு வாப்பா. என்னை எப்போ கூட்டிட்டுப் போவே?” என்றார்கள். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குள் சென்றாள்.

மறுநாள் மருத்துவரிடம் சென்று கேட்டேன். வழியில் அடிக்கடி நிறுத்தி, கால் நீட்ட வைத்து, மெதுவாகச் செல்வதானால் தடையில்லை என்றார். கேட்டிருந்தால் அவர் இதை முன்பே சொல்லியிருப்பார். நான்தான் கேட்கவில்லை. லென்ஸைப் பற்றி நூறு பேரிடம் விசாரித்தவன், உம்மாவைப் பற்றி ஒருவரிடம் விசாரிக்கவில்லை.

திருச்சியில் ஓர் இரவு தங்கி ஊர் சேர்ந்தோம். மாடிப்படி ஏற உம்மாவால் இயலவில்லை. ஊர்க்கோடியில் வயல் தொடங்கும் இடத்தில் நாற்காலி போட்டு அமர்த்தினோம். மலை எதிரே நின்றது. பையில் அகல லென்ஸ் இருந்தது, அதை எடுக்கவில்லை. அருகில் நின்று அதில் எடுத்தால் உம்மா பெரிதாவார்கள், மலை மீண்டும் கோடாகிவிடும். பழைய லென்ஸை 55இல் வைத்து, பத்துப் பதினைந்து அடி பின்னுக்குச் சென்றேன். உம்மாவின் வெள்ளை முந்தானைக்கு மேலே மலை ஓங்கி எழுந்தது.

நான் படமெடுப்பதை அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.